விசா வாசலில் பத்துச் சிவப்பு விரல்கள்

என் மகள் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பம் போட்ட காலத்தில் எங்கள் வீட்டில் அதிகமாகப் படித்தவன் நான்தான். அவள் பாடம் படித்தாள், நான் நிபந்தனைகளைப் படித்தேன். எந்த நிபந்தனைத் தாளையும் ஒரு தடவை படித்தால் புரியும், இரண்டு தடவை படித்தால் சந்தேகம் வரும், மூன்றாவது தடவை தூக்கம் போகும். நான் ஒவ்வொன்றையும் ஐந்து தடவை படித்தேன்.

கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் நான் மேற்பார்வையாளன். தொழிற்சாலையை எங்கள் பக்கம் ஆபீஸ் என்றுதான் சொல்வோம். நான் இருக்கிற இடத்தில் சிரிப்புச் சத்தம் கேட்கும் என்று அங்கே எனக்கு ஒரு பெயர் உண்டு. அடுத்தவர் வீட்டுக் கவலைக்கு என்னிடம் எப்போதும் நாலு வேடிக்கை கைவசம் இருக்கும். கவலை என் வீட்டுக்கு வந்தபோது ஒன்றுகூட எடுபடவில்லை.

விவசாயக் கல்லூரியில் பட்டம் முடித்தவள் மேற்படிப்புக்குத் தேர்ந்தெடுத்தது மண். அதிலும் கரிசல் மண்ணில் கோடையில் விழுகிற வெடிப்பு. அதற்கு ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழகம்.

"ஏட்டி, அங்கன வருசம் பூரா மழைல்லா. வெடிப்பைப் படிக்கணும்னா அவுகல்லா இங்க வரணும்?" என்றேன்.

"வெடிப்பு இங்க இருக்குப்பா. அதை அளக்கிற மிஷின் அங்க இருக்கு."

நேர்முகத் தேர்வைச் செல்போனில் வீடியோ வழியாக வைத்தார்கள். மகள் அதை வீட்டில் உட்கார்ந்து பேசாமல், இடைசெவல் பக்கம் இருக்கிற எங்கள் புஞ்சைக்குப் போய் நின்றுகொண்டு பேசினாள். சித்திரை வெயில். குடை பிடிக்கிற வேலை எனக்கு. திரையில் ஒரு பேராசிரியை அம்மா, நரைத்த குட்டை முடி, கழுத்தில் கம்பளித் துண்டு. எங்களுக்கு மூக்கு நுனியில் வேர்வை சொட்டியது. மகள் பேசிக்கொண்டே குனிந்து, இரும்பு அளவு நாடாவை ஒரு வெடிப்புக்குள் இறக்கினாள். நாடா போய்க்கொண்டே இருந்தது. முழங்கை ஆழம், கை ஆழம், அதற்கும் கீழே. அந்த அம்மா நாற்காலியிலிருந்து எழுந்து திரைக்குப் பக்கத்தில் வந்தார். இங்கிலீஷ் மறந்துபோய் அவர் மொழியில் என்னவோ சொன்னார். எங்கள் இரண்டு பேருக்கும் அர்த்தம் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

போன வருஷம் அதே புஞ்சையில் என் பைக் சாவி வெடிப்புக்குள் விழுந்தபோது அந்த மண்ணை நான் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. அந்த வெடிப்பை எட்டிப் பார்க்க ஏழு கடல் தாண்டி ஒருவர் எழுந்து நிற்கிறார்! குடையைப் பிடித்த கையில் எனக்கு மயிர்க்கால் சிலிர்த்தது. குடையும் சரிந்தது. "அப்பா, நிழலு" என்றாள் மகள்.

இடம் கிடைத்துவிட்டது. இனி விசா. ஜெர்மன் விசாவுக்குச் சென்னையில் உள்ள மையத்தில் நேரம் வாங்க வேண்டும். தீபாவளிக்கு முந்தின நாள் ரயில் டிக்கெட்டுக்குக் காத்திருப்பதெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமில்லை. ஒன்றரை மாதம் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே கிடந்து மகள் ஒரு வியாழக்கிழமை காலையைப் பிடித்தாள். அதைத் தவறவிட்டால் அடுத்த நேரம் எப்போது என்று யாருக்கும் தெரியாது. வகுப்பு தொடங்குவதற்குள் வந்து சேராவிட்டால் அந்தப் பேராசிரியையின் ஆராய்ச்சிக் குழுவில் அவளுக்கு வைத்திருக்கும் இடம் வேறொருவருக்குப் போய்விடும் என்று கடிதத்திலேயே எழுதியிருந்தார்கள். அந்த வரியை மட்டும் நான் ஒன்பது தடவை படித்திருந்தேன்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆபீஸில் வேலை பார்க்கும் பெண்கள் ஆறேழு பேர் வீட்டுக்கு வந்தார்கள். ஒரு பை நிறைய மருதாணி இலை, கொட்டைப் பாக்கு, எலுமிச்சம்பழம். நல்ல காரியமாக ஒரு பெண்பிள்ளை புறப்பட்டால் விரலைச் சிவக்க வைத்து அனுப்புவது அவர்கள் வழக்கம். கல்யாணமோ, பரீட்சையோ, சென்னையோ, அதில் பேதம் கிடையாது.

"பேப்பர் குடுக்கத்தான் அக்கா போறேன். இன்னும் விசாவே வரல" என்றாள் மகள்.

"சும்மா இருட்டி. சீமைக்குப் பேப்பர் குடுக்கவ வெறுங்கையோடயா போவா? கையை நீட்டு" என்றார் அவர்களில் மூத்தவர்.

பத்து விரலுக்கும் நுனியில் மருதாணித் தொப்பி வைத்தார்கள். அம்மியில் அரைத்துக்கொடுத்தது என் மனைவி. இலையில் காம்பு ஆய்ந்து கொடுத்தது யார் என்கிறீர்கள்? சாட்சாத் நான்தான். "நல்லாச் செவக்கணும், அப்பதான் ஜெர்மன்காரன் பயப்படுவான்" என்று வேடிக்கை வேறு பேசினேன்.

மறுநாள் மதியம், ரயிலுக்கு ஆறு மணி நேரம் இருக்கும்போது, வழக்கம்போல நிபந்தனைத் தாளை எடுத்துப் படித்தேன். ஐந்து தடவை படித்த தாள்தான். ஆனால் அன்றைக்குத்தான் கீழே பொடி எழுத்தில் இருந்த அந்த வரி என்னை நிமிர்ந்து பார்த்தது. பத்து விரல் ரேகையும் எடுக்கப்படும். விரல் நுனியில் காயம், சாயம், மருதாணி இருக்கக் கூடாது.

மருதாணி என்றே போட்டிருந்தது. வெள்ளைக்காரன் எங்கள் வீட்டு அம்மியைப் பார்த்து எழுதினாற்போல.

அதற்கப்புறம் நான் செய்ததை மனைவி இன்றைக்கும் விருந்தாளிகளுக்குச் சொல்லிக் காட்டுகிறாள். முதலில் எலுமிச்சம்பழத்தை வெட்டி மகளின் விரல்களில் தேய்த்தேன். பிறகு உப்பு, பற்பசை, சோப்புத் தூள்.

"ஏங்க, அது பிள்ளை கையா, அழுக்குச் சட்டையா? எலுமிச்சம்பழம் போட்டா கூடல்லா செவக்கும். பாருங்க, ரத்தமாட்டம் இருக்கு."

உண்மைதான். காலையில் செம்மண் நிறத்தில் இருந்த நுனிகள் இப்போது பழுத்த மிளகாய் நிறத்துக்கு வந்திருந்தன. அப்போதுதான் எனக்கு என் தொழில் ஞாபகம் வந்தது. தீப்பெட்டியில் குச்சியை உரசுகிற பக்கம் இருக்கிறதே, அது நல்ல சொரசொரப்பு. அதை வைத்துச் சுரண்டினால்? பிள்ளை விரலில் முதலில் வைக்கக் கூடாது என்ற அறிவு மட்டும் மிச்சம் இருந்தது. என் கட்டைவிரலில் சுரண்டிப் பார்த்தேன். தோல் வந்தது.

மகள் என் கையிலிருந்த தீப்பெட்டியை வாங்கி மேஜையில் வைத்தாள். "அப்பா, சாயம் மேலதான் இருக்கு. ரேகை மேடுபள்ளம். மிஷின்ல விழும்னுதான் நினைக்கேன்."

"நினைக்கேன்னு சொல்லுதியே, விழும்னு சொல்லுதியா?"

"வச்சுப் பாத்தாத்தானே தெரியும்?"

வைத்துப் பார்ப்பதற்கு எங்கள் தெருவிலேயே ஒரு மிஷின் இருக்கிறதே! மகளை பைக்கில் ஏற்றிக்கொண்டு ரேஷன் கடைக்குப் பறந்தேன்.

கடையில் நாலைந்து பேர் நின்றார்கள். விற்பனையாளர் எனக்குத் தெரிந்தவர். "வாங்க அண்ணாச்சி. அரிசி போன வாரமே வாங்கிட்டீங்களே?"

"அரிசி வேண்டாம்ப்பா. பிள்ளை விரல் வேலை செய்யுதான்னு பாக்கணும். ஜெர்மனிக்குப் போறா."

வரிசையில் நின்ற ஒரு பெண் மூக்கில் விரல் வைத்தாள். "ஜெர்மனிக்கு இங்கனயா ரேகை எடுக்காவ?"

"சும்மாலாம் வைக்க முடியாது அண்ணாச்சி. ரேகை விழுந்தா ஏதாவது பொருள் போட்டாகணும். உங்க கார்டுக்குப் பாமாயில் பாக்கி இருக்கு. வாங்கிக்கிடுதீங்களா?"

சரி என்றேன். எப்படி வைக்க வேண்டும் என்று பிள்ளைக்குக் காட்டுவதற்காக முதலில் என் கட்டைவிரலை வைத்தேன். சுரண்டிய விரல். மிஷின் என்னை யாரென்றே தெரியாது என்று சொல்லிவிட்டது. இரண்டாவது தடவையும் சொன்னது. மகள் என்னை லேசாகத் தள்ளிவிட்டுத் தன் விரலை வைத்தாள். ஒரு விநாடி. பச்சை விளக்கு. திரையில் அவள் பெயர்.

பருப்புச் சாக்குக்கும் எண்ணெய்ப் பெட்டிக்கும் நடுவில், சோற்று டப்பா அளவில் கிடக்கிற அந்த மிஷினை மாதாமாதம் பார்த்திருக்கிறேன். வேலை செய்யவில்லை என்று திட்டியிருக்கிறேன். அன்றைக்குத்தான் அது செய்கிற காரியம் எனக்கு உறைத்தது. இத்தனை சனத்தின் விரல்களுக்குள் தேடி, இது இன்னார் மகள் என்று கண் மூடித் திறப்பதற்குள் சொல்கிறது. சாமியாடிகூட அவ்வளவு சீக்கிரம் சொல்ல மாட்டார். அதைத் தொட்டுக் கும்பிடலாமா என்று இருந்தது.

"ஒரு விரல் ஆச்சு. மிச்சம் ஒம்பதையும் பாத்துருவமா?" என்றேன்.

விற்பனையாளர் மிஷினைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "பத்து விரலுக்குப் பத்துப் பாக்கெட் எண்ணெய்க்கு நான் எங்க அண்ணாச்சி போவேன்?"

அதற்குள் செல்போனில் மனைவி. "ஏங்க, ஊருக்குக் கிளம்புற நேரத்துல யாரோ நம்ம கார்டுல பாமாயில் வாங்கிட்டாவ! எனக்கு மெசேஜ் வந்திருக்கு!"

மறுநாள் காலை சென்னையில் அந்த மையத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். உள்ளே விண்ணப்பதாரர் மட்டும்தான் போகலாம். மகள் கோப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, சிவந்த விரல்களை மடக்கி வைத்தபடி கண்ணாடிக் கதவைத் தள்ளினாள். கதவு தானாகவே மூடிக்கொண்டது. திரும்பிப் பார்ப்பாள் என்று கையைப் பாதி தூக்கியிருந்தேன். பார்க்கவில்லை. தூக்கிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் தலையைச் சொறிந்தேன்.

வெளியே நடைபாதையில் என்னைப்போல எத்தனை அப்பாக்கள், அம்மாக்கள்! ஒருவர் பட்டு வேட்டி. ஒருவர் லாரி ஓட்டுகிற காக்கிச் சட்டையோடு அப்படியே வந்திருந்தார். ஒரு அம்மா திருநீற்றுப் பொட்டலத்தைக் கைக்குள் பொத்திக்கொண்டு உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார். எல்லார் கண்ணும் அந்தக் கதவில். உள்ளே போன பிள்ளைகளில் ஒன்று பனிப் பிரதேசத்துக்குப் போகும், ஒன்று ஆஸ்பத்திரியில் வேலை பழகும், ஒன்று ராக்கெட்டைக்கூடத் தொடும். அவர்களைத் தலைக்கு எண்ணெய் வைத்து வளர்த்தவர்கள் இங்கே வெயிலில் நிற்கிறோம், அந்தக் கதவுக்கு அப்பால் ஓரடி வைக்க எங்களுக்கு அனுமதியில்லை. இவ்வளவு பெரிய உலகத்துக்கு இவ்வளவு சின்ன வாசலா என்று பிரமித்து நின்றேன். மூன்று மணி நேரம் நான் ஒரு வேடிக்கையும் பேசவில்லை. பக்கத்தில் நின்றவர்களுக்கு அதன் அருமை தெரிய வாய்ப்பில்லை.

மகள் வெளியே வந்தாள். முகத்திலிருந்து எதையும் படிக்க முடியவில்லை.

"எடுத்துட்டாவளா?"

"எடுத்தாச்சுப்பா."

"பத்தும்?"

"பத்தும். இடது கையில ரெண்டு விரல் விழல. ஈரத் துணியால துடைச்சுவிட்டு, அங்க ரேகை எடுக்கிற அக்கா என் விரலைப் பிடிச்சு அழுத்தினாவ. மூணாவது வாட்டி விழுந்துச்சு. கல்யாணப் பொண்ணான்னு கேட்டாவ. இல்ல, மண்ணைப் படிக்கப் போறேன்னேன். அதுக்கு எதுக்கு மருதாணின்னாவ. எங்க ஊர்ல ரெண்டுக்கும் ஒண்ணுதான்னேன்."

நான் நடைபாதைக் கல்லிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஸ்கிரீன்ல பெரிசாத் தெரிஞ்சுச்சுப்பா. செவப்பே இல்ல. வெறும் கோடு, சுழிச்சு சுழிச்சு. என் விரலை நானே இப்பத்தான் பாக்கேன்" என்றாள்.

"பயமா இல்லையாட்டி உனக்கு?"

"இருந்துச்சுப்பா. நீங்க பயந்த பயத்துல எனக்குப் பயப்பட இடமே கிடைக்கல."

ஐந்து வாரம் போனது. ஒருநாள் காலை கோவில்பட்டி கூரியர் அலுவலகத்திலிருந்து அழைப்பு. ஓடினோம். உறை தடிமனாக இருந்தது. உள்ளே இருப்பது விசாவா, இல்லை என்ற கடிதமா என்பது தொட்டால் தெரியாது. நானும் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். "பிரிங்கப்பா" என்றாள் மகள். நான் இழுத்த இழுப்பில் உறை கிழிகிற திசையே சரியில்லை. அவளே வாங்கிப் பிரித்தாள். பாஸ்போர்ட்டை விரித்து, ஒரு பக்கத்தில் நிறுத்தி, என் முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.

வந்துவிட்டது. ஒரு பக்கத்தை அடைத்து ஒட்டிய தாள், அதில் அவள் முகம், பக்கத்தில் ஒரு வெள்ளி முத்திரை. வாங்கிக்கொண்டு வாசலுக்குப் போய் வெயிலில் சாய்த்தேன். முத்திரையில் பச்சை ஓடியது. மறுபக்கம் சாய்த்தேன். நீலம். ஒரு தாளில் வானவில்லை ஒட்டி, இந்தப் பிள்ளை வரலாம் என்று ஒரு தேசம் எழுதி அனுப்பியிருக்கிறது. எங்கள் வீட்டில் யாருக்கும் எந்த தேசமும் இதுவரை ஒரு வரி எழுதியதில்லை. மறுபடியும் சாய்த்தேன். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள்.

"அப்பா, போதும். ரோட்டுல நிக்கோம்."

"இரு, இன்னும் ஒரு கலர் வருது."

உள்ளேயிருந்து கூரியர்க்காரர் பேனாவோடு எட்டிப் பார்த்தார். "அண்ணாச்சி, முதல்ல இங்கன ஒரு கையெழுத்தைப் போட்டுட்டு, அப்புறம் எவ்வளவு நேரம் வேணும்னாலும் ஆட்டுங்க."