நானூறு வயிறும் ஒரு களிச் சட்டியும்

ஹாஸ்டல் சமையல்காரிக்கு நல்ல பேருங்கறது கிடையவே கிடையாதுங்க; பிள்ளை மார்க் வாங்குனா வாத்தியார் கெட்டிக்காரர், பிள்ளைக்கு வயிறு வலிச்சா சமையல்காரி சரியில்ல. ஊட்டுல ரெண்டே பேருக்குப் பொங்கிப் போடறவங்களும் நம்ம கட்சிதான். அதனால உங்ககிட்டச் சொல்லலாம்.

நாமக்கல்லுக்கு வெளிய ஒரு பெரிய பள்ளிக்கூடம். அங்க பொம்பளைப் பிள்ளைங்க ஹாஸ்டல் அடுப்படிக்கு நாந்தான் பொறுப்பு. நானூறு பிள்ளைங்க, சமைக்க என்னோட சேர்த்துப் பதினோரு பேர். வருசக்கணக்கா ஒரே பாட்டுதான். ஒருத்திக்கு வாய்ப்புண், ஒருத்தி மூணு நாளா வெளிக்குப் போகல, காலைப் பிரேயர்ல ஒருத்தி மயங்கி விழுவா. விழாம என்ன செய்யும்? காலைல பூரி, மத்தியானம் வெள்ளைச் சோறு, சாயங்காலம் பேக்கரி பப்ஸ். பார்த்துப் பார்த்து எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

நேரா கரஸ்பாண்டன்ட் ஐயாகிட்டப் போயி, ராகி, கம்பு, சாமை சமைக்க உடுங்கன்னு கேட்டேன். அரையாண்டு லீவு வரைக்கும் செஞ்சு பாருங்கன்னார். ஆனா குப்பைக்குப் போற சோறு குறையணும், பெத்தவங்ககிட்ட இருந்து ஒரு கம்ப்ளெயின்ட் வரக்கூடாது. ரெண்டுல எது தப்புனாலும் அடுப்படி வெளியூர் கான்ட்ராக்டருக்குப் போயிரும்னும் சொல்லிட்டார். நானும் சரிங்கன்னு தலைய ஆட்டிட்டு வந்துட்டேன். பதினோரு ஊட்டுப் பொழப்பு என் வாயால ஊசலாடுது. சங்கதியக் கேட்டுட்டு, கூட வேலை செய்யற பாப்பாத்தின்னு ஒருத்தி சொன்னா: "ஏனுங்க்கா, நல்லாத்தான போயிட்டிருந்துச்சு, வாய வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டீங்களா?"

பசை

முதல் நாளே ராகிக் களி கிண்டுனேன். தொட்டுக்க முருங்கைக்கீரைக் கடைசல், நிலக்கடலைச் சட்னி. உருண்டை ஒவ்வொண்ணும் பளபளன்னு இருந்துச்சு. எனக்கே பெருமை தாங்கல. பிள்ளைங்க தட்டோட உக்காந்தாங்க, மென்னாங்க, அப்படியே நிறுத்திட்டாங்க.

களிய மெல்லக் கூடாது, முழுங்கணும். இது எங்க பக்கத்துல பொறந்த கொழந்தைக்கும் தெரியும்னு நெனச்சுட்டு நான் ஒரு வார்த்தை சொல்லாம உட்டுட்டேன். சென்னை, மதுரைன்னு வந்த பிள்ளைங்களுக்கு எப்படிங்க தெரியும்? பல்லுல ஒட்டி, அண்ணத்துல ஒட்டி, பாதிப் பேர் வாயே தொறக்க முடியாம முழிச்சாங்க. அன்னைக்கு எச்சில் சோறு போடற டிரம் மூணும் ரொம்பி வழிஞ்சுது. கை கழுவப் போன சென்னைப் பிள்ளை ஒண்ணு, ரொம்ப மரியாதையா எங்கிட்ட வந்து கேட்டுச்சு: "ஆன்ட்டி, ரெக்கார்டு நோட்டுல படம் ஒட்டணும், இதுல கொஞ்சம் எடுத்துக்கட்டுமா?"

ஆத்தூர்ப் பிள்ளை

ஒரு வாரம் அவமானத்துல எனக்குச் சோறு எறங்கல. கம்பு தோசை, சாமைப் பொங்கல்னு மாத்தி மாத்திப் போட்டுச் சமாளிச்சேன். அதையெல்லாம் பிள்ளைங்க தின்னுட்டாங்க. ஆனா களிய மட்டும் உட மனசில்ல. வீம்புன்னே வெச்சுக்கங்க. அடுத்த வாரம் திரும்பக் கிண்டுனேன். இந்தத் தடவை மேசை மேசையாப் போயி, மெல்லாதீங்க கண்ணு, முழுங்குங்கன்னு கத்துனேன். யாரு கேக்கறா?

அப்பத்தான் பதினொண்ணாவது படிக்கற ஒரு பிள்ளை, ஆத்தூர்ப் பக்கம், அதிர்ந்து பேசாது, அது சட்டுனு எந்திரிச்சுது. களிய ஒரு விள்ளல் எடுத்துச்சு, கட்டைவிரலால குழி பண்ணுச்சு, கடைசல மொண்டு வாயில போட்டு ஒரே முழுங்கு. அடுத்தது, அதுக்கடுத்தது. மூணு நிமிசத்துல தட்டு காலி. மேசையே வாயப் பொளந்து பார்த்துச்சு. எப்படிடி எப்படிடின்னு ஆளாளுக்கு அதையச் சுத்திக்கிட்டு, போட்டி வெச்சு முழுங்க ஆரம்பிச்சாங்க. ரெண்டாம் தடவைக்குக் களி பத்தல. நான் அந்தப் பிள்ளையக் கட்டிப் புடிச்சுக்கிட்டு, இதைய முதல் நாளே சொல்லியிருக்கலாமே சாமின்னேன். அது தலையக் குனிஞ்சுக்கிட்டுச் சொல்லுச்சு: "எங்க வூட்ல தெனமும் இதுதான் ஆன்ட்டி. சிரிப்பாங்கன்னு, இட்லி சாப்புடுவோம்னு எல்லார்ட்டயும் சொல்லி வெச்சிருந்தேன்."

எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சுங்க.

பன்னிப் பண்ணைக்காரர்

எச்சில் சோத்த எடுத்துட்டுப் போறது பன்னிப் பண்ணை வெச்சிருக்கற ஒருத்தர். தெனமும் டெம்போவுல மூணு டிரம் ஏத்துவாரு. மூணு ரெண்டாச்சு, ரெண்டு ஒண்ணாச்சு. கார்த்திகை முடியறப்ப ஒண்ணுலயும் பாதிதான். ஒரு நாள் காலி டிரம்முக்குள்ள எட்டிப் பார்த்துட்டு, மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு அடுப்படி வாசல்ல வந்து நின்னாரு. எனக்குக் கெடச்ச முதல் சர்ட்டிபிகேட்டு அவரு வாயில இருந்து வந்ததுதான்: "ஏனுங்க்கா, பன்னியெல்லாம் எளச்சுப்போச்சுங்க. வாரத்துல ரெண்டு நாளாச்சும் பழைய மாதிரி சமைங்களேன்."

நர்ஸ்

எங்க ஹாஸ்டல் நர்ஸம்மாவுக்கும் எனக்கும் ஆகாது. வயித்து வலின்னு எவ போனாலும், கிச்சன்ல என்ன போட்டாங்கன்னுதான் முதல் கேள்வி கேப்பாங்க. அந்தம்மா ஒரு நாள் காலைல பதினோரு மணிக்கு அடுப்படிக்குள்ள வந்தாங்க. போச்சு, எவளுக்கோ பேதி போலன்னு நெனச்சேன். அவங்க ஒரு முக்காலிய இழுத்துப் போட்டு உக்காந்து, சின்ன வெங்காயக் கூடைய மடிக்கு நேரா இழுத்துக்கிட்டாங்க: "அங்க சிக் ரூமுக்கு ஒருத்தியும் வர்றதில்ல, தூக்கந்தான் வருது. இதைய உரிச்சாவது தாரேன்."

கடைசி ஞாயித்துக்கிழமை

பெத்தவங்க பார்க்க வர்ற ஞாயித்துக்கிழமைதான் எங்களுக்குப் பரீட்சை. மரத்தடியெல்லாம் போர்வைய விரிச்சு, கேரியரத் தொறந்து, பிள்ளைக்கு ஊட்டி உடுவாங்க. அரையாண்டுக்கு முந்துன ஞாயிறு. ஆபீஸ்ல கூப்புடறாங்கன்னு ஆள் வந்துச்சு. போனா, திருச்செங்கோட்டு அம்மா ஒருத்தங்க நின்னுக்கிட்டிருக்காங்க. அவங்க ஊட்டுக்காரர் ரிக் வண்டி வெச்சுப் போர்வெல் போடறவர். கையில மூடி தொறந்த கேரியர், பிரியாணி அப்படியே இருக்குது.

"விடியால நாலு மணிக்கு எந்திரிச்சு ஆக்கிக் கொண்டாந்தனுங்க. புள்ள ரெண்டு வாய் தின்னுட்டு, காலைல தின்ன கம்பு தோசையே வயித்துல திம்முனு நிக்குது, போதும்ங்கறா. ஊட்டுல கம்புன்னா தட்டத் தள்ளி உடறவ. இவங்க என்னத்தப் போட்டு இப்படி ஆக்கி வெச்சிருக்காங்க?"

கரஸ்பாண்டன்ட் என்னையப் பார்த்தார். "கம்ப்ளெயின்ட் வரக்கூடாதுன்னு சொல்லியிருந்தேனே" அப்படின்னார். டிரம் குறைஞ்சு என்ன, நர்ஸ் வெங்காயம் உரிச்சு என்ன, பாப்பாத்தி மூஞ்சில எப்படி முழிக்கறதுன்னு அதுதான் ஓடுச்சு. அந்தம்மா அவரு பக்கம் திரும்பி, "கம்ப்ளெயின்ட்டுன்னு நான் எப்பங்க சொன்னேன்? மாவு ஆட்டற பக்குவம் கேக்கத்தான் கூப்புடச் சொன்னேன்"னாங்க.

கம்பு மூணு பங்கு, இட்லி அரிசி ஒண்ணு, உளுந்து ஒண்ணு, ஒரு புடி வெந்தயம். அளவெல்லாம் சொன்னேன். அந்தம்மா கேரியர் மூடிமேல விரலால எழுதற மாதிரி மனப்பாடம் பண்ணிக்கிட்டுப் போனாங்க. கரஸ்பாண்டன்ட் சொன்னார்: "கான்ட்ராக்டர வர வேண்டாம்னு சொல்லிர்றேன். லீவு முடிஞ்சதும் ஆம்பளைப் பசங்க ஹாஸ்டல் அடுப்படியையும் நீங்களே பார்த்துக்கங்க."

ஜெயிச்சாக் கொஞ்ச நேரம் உக்காரலாம்னு நெனச்சேன்; சமையல்காரி ஜெயிச்சாக் கெடைக்கற பரிசு, இதைவிடப் பெரிய சட்டிதானுங்க.