சித்தப்பாவுக்குக் கொடுத்தனுப்பிய காப்பி

ஆறு வயதில் என்னைக் கேட்டிருந்தால், உலகத்திலேயே சுகமான இடம் எங்கள் புழு வீடுதான் என்று சொல்லியிருப்பேன். ஏரியூர்ப் பக்கம் பட்டுப்புழு வளர்க்கிறவர்களுக்கு இது விளங்கும். மார்கழிக் குளிரில் மனிதன் நடுங்கலாம், புழு நடுங்கக் கூடாது. குளிர்ந்தால் தழை தின்னாது, கூடு கட்டாது. அதனால் எங்கள் நான்கு பேருக்கு இரண்டு கம்பளி; புழுக்களுக்குத் தனி வீடு, உள்ளே கரி அடுப்பு.

அந்த வருஷம் எங்கோ கடலோரத்தில் புயல் கரையேறி, அதன் வாடையும் தூறலும் எங்களுக்கு வந்து சேர்ந்தன. பள்ளிக்கூடம் லீவு. ஈரமில்லாத மல்பெரித் தழை தேடி அப்பா விடிந்ததும் போய்விட்டார். புழுக்கள் சித்தப்பாவின் பொறுப்பு. அவருக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த சமயம். நான் ஒரு வேலையும் செய்யாதவன் என்பதால் என்னைத் ‘தொர’ என்று கூப்பிடுவார்.

ஜன்னல்களுக்குச் சாக்கு கட்டியாயிற்று. சுவர் உச்சியில் காற்றுக்கென்று விட்டிருந்த இரண்டு ஓட்டைகள் வழியாக மட்டும் வாடை இறங்கியது. சித்தப்பா என்னைத் தோளில் ஏற்றிக்கொண்டார்.

“நல்லா இறுக்கி அடைடா தொர. புழு வெறச்சுப்போச்சுன்னா உங்கப்பன் என் தோல உரிச்சுருவாரு.”

கிழிந்த சாக்கைச் சுருட்டி அடைத்தேன். வாழ்க்கையில் ஒரு வேலையை நான் ஒழுங்காகச் செய்து முடித்தது அன்றைக்குத்தான்.

கதவைச் சாத்திக்கொண்டு அடுப்பருகே உட்கார்ந்திருந்தோம். கொஞ்ச நேரத்தில் எனக்குத் தலை வலித்தது. அவருக்கும் கனக்கிறதாம். வாடை ஏறிவிட்டது என்று தீர்மானித்து என்னை அம்மாவிடம் அனுப்பிவிட்டு, தான் சற்றுக் கண்ணயர்வதாகச் சொன்னார். கதவை நன்றாகச் சாத்திவிட்டுப் போகச் சொன்னார். சாத்தினேன்.

அம்மா நெற்றியில் சுக்குப் பற்றுப் போட்டு அடுப்படியில் உட்காரவைத்தாள். ஆவி பறக்கும் களி, கொள்ளு ரசம், சாம்பலில் சுட்ட வேர்க்கடலை. அவளுடைய பழஞ்சேலையை நாலாக மடித்துப் போர்த்திக்கொண்டேன். தலைவலி போன இடம் தெரியவில்லை.

மதியத்துக்கு மேல் ஒரு டம்ளர் வெல்லக் காப்பியைக் கையில் கொடுத்து, “உங்க சித்தப்பாவுக்குக் குடுத்துட்டு வாடா, ஆறிப்போவுது” என்றாள்.

கதவைக் கொஞ்சம் திறந்து கூப்பிட்டேன். சித்தப்பா அசையவில்லை. உள்ளே போய் உலுக்கியிருக்கலாம். ஆனால் புழு வீட்டுக்குள் கால் வைப்பதற்கு முன் வாசலில் இருக்கும் சுண்ணாம்புத் தண்ணீரில் பாதத்தை நனைக்க வேண்டும். புழுவுக்கு நோய் ஒட்டாமலிருக்க அது எங்கள் வீட்டுச் சட்டம். அன்றைக்கு அந்தத் தண்ணீரைப் பார்த்தாலே நடுக்கம் வந்தது. கதவைச் சாத்திவிட்டு, இறவாரத்தில் குந்தி, ஊதி ஊதி நானே குடித்தேன். அப்படி ஒரு காப்பி அதற்குப் பிறகு எனக்கு வாய்க்கவில்லை. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

காலி டம்ளரைப் பார்த்து அம்மா கேட்டபோது, சித்தப்பா குடித்துவிட்டதாகச் சொன்னேன். வெறுமனே சொன்னால் நம்பமாட்டாளோ என்று, “இன்னுங் கொஞ்சம் வெல்லம் போட்டிருக்கலாமாம்” என்றும் சேர்த்தேன். அம்மா சிரித்தாள். அதற்கப்புறம் அந்தப் பக்கம் யாரும் போகவில்லை.

பொழுது சாயும் நேரம் அப்பா தழைக்கட்டோடு வந்து கதவைத் திறந்தார். அவர் போட்ட சத்தத்தில் அம்மா அகப்பையோடு ஓடினாள். சித்தப்பாவை வெளியே தூக்கிவந்து கிடத்தி, அக்கம்பக்கத்தார் உள்ளங்கையையும் காலையும் தேய்த்துப் பார்த்தார்கள். குளிர் நெஞ்சை அடைத்துவிட்டது என்றார்கள். உள்ளே புழுக்கள் பசியோடு தலையைத் தூக்கிக்கொண்டிருந்தன.

அடைத்த அறையில் கரி அடுப்பின் நச்சுவாயு மனிதனை என்ன செய்யும், புழுவை ஏன் விட்டுவிடும் என்பதைக் கல்லூரிக்குப் போன பிறகுதான் படித்தேன். காப்பியோடு போனபோது உலுக்கியிருந்தால் எழுந்திருப்பாரா என்பது மட்டும் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

அம்மா அவர் தலைமாட்டில் உட்கார்ந்து அழுதாள். “கடைசியா வாய் தொறந்து கொஞ்சம் வெல்லந்தான கேட்டான். அதக்கூடப் போடாம உட்டுட்டேனே.”

நான் சேலையைப் போர்த்திக்கொண்டு கதவோரம் நின்றேன். சித்தப்பா எழுந்து, தனக்குக் காப்பியே வரவில்லை என்று சொல்லிவிடுவாரோ என்ற பயம் தவிர, அப்போது எனக்கு வேறொன்றும் இல்லை.