நெடி ஏறுதா என்று கேட்ட ஜெயந்தி அக்கா

அடி அண்ணாமலையில் ஒருவர் வீட்டில் பயறு விதை வாங்கிக்கொண்டிருந்தபோது ஜெயந்தி அக்காவின் மகள் போன் செய்தாள். "அம்மா போயிட்டாங்க சித்தி" என்றாள். மாரடைப்பு. கையிலிருந்த பயறை மூட்டையில் போடுவதா, கொடுத்தவரிடமே திருப்பித் தருவதா என்று தெரியாமல் நின்றேன்.

கீழ்பென்னாத்தூரில் அக்கா வீட்டு முன்னறைதான் எங்கள் குழுவின் விதை அறை. விதை கொடுத்து வைத்த உங்களுக்கெல்லாம் அவரைத் தெரியும். வேப்பிலையையும் நொச்சியையும் நிழலில் காயவைத்து, வசம்போடு சேர்த்து இடித்துச் சலித்து, வண்டு விழாமலிருக்க விதையில் புரட்டி வைப்பார். விளக்கு வைத்துவிட்டால் மட்டும் வசம்பின் பெயரைச் சொல்ல மாட்டார். "அந்தப் பேர் சொல்லாதத எடு" என்பார். நான் வேண்டுமென்றே, "எது, வசம்பாக்கா?" என்று உரக்கக் கேட்பேன். முதுகில் ஒன்று விழும்.

வண்டைக் கொல்லும் புகை மாத்திரை வைத்தால் வேலை சுலபம் என்று எங்களில் சிலர் சொன்னோம். "உள்ள என் மாமியார் படுத்துனு இருக்காங்க. அந்தப் பொகைல அவங்களுக்கு எதுனா ஆச்சுன்னா?" என்றார். பேச்சு அதோடு நின்றது.

பிறகு அக்கா கொரோனா வந்து படுத்து எழுந்தார். அடுத்த விதைப்புக்கு டிரம்மைத் திறந்தால் உளுந்தில் வண்டு. எங்கள் குழுவிலிருக்கும் கோவிந்தனின் உளுந்து அது. "பொடி போட்டீங்களா, வெறும் சாம்பலப் போட்டீங்களாக்கா?" என்று கத்திவிட்டுப் போனார். அவர் போனதும் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"காய்ச்சல்லேர்ந்து எனக்கு வாசனையே தெரியல மல்லிகா. பழைய பொடி, நெடி போயிருக்குது. நல்லாதான் இருக்கும்னு நெனச்சுப் போட்டுட்டேன்."

அழுதார். வீட்டுக்காரர் இறந்த பிறகு நாலு பேர் அவரைத் தேடி வந்தது அந்த அறைக்காகத்தான். அது கைவிட்டுப் போய்விடுமோ என்று பயந்தார். யாரிடமும் சொல்ல வேண்டாம், நானே மோந்து சொல்கிறேன் என்றேன்.

ஆனால் அடுத்த கூட்டத்தில் அவரே எழுந்து சொல்லிவிட்டார். "எனக்கு மூக்கு போயிடுச்சு. வெதை உங்களுது. வேற யார்கிட்டனா குடுத்துடுங்க."

கோவிந்தன்தான் தலையைச் சொறிந்துகொண்டு, "ஒங்க மூக்கு போனா இன்னாக்கா, எங்களுக்கு இருக்குதே" என்றார்.

அன்று முதல் விதை கொண்டுவருகிறவர் ஒரு சிட்டிகைப் பொடியை மோந்து பார்த்தாக வேண்டும். "நெடி ஏறுதா?" என்று அக்கா கேட்பார். யாராவது தும்மிவிட்டால் அக்கா முகத்தைப் பார்க்க வேண்டுமே! "ஆங், இப்ப கொட்டு" என்று சிரிப்பார். அந்தச் சிரிப்புக்காகவே சிலர் வராத தும்மலைத் தும்மினார்கள். நானும்தான்.

காரியம் முடிந்து, போன வாரம் புதுப் பொடி இடித்தோம். மகள் அறையைத் திறந்துவிட்டாள். கோவிந்தன் உளுந்தோடு வந்தார். பொடியை நீட்டினேன், மோந்தார். பிறகு இரண்டு பேரும் சும்மா நின்றோம். யாராவது கேட்க வேண்டும் என்பது எனக்கு உறைக்கச் சற்று நேரமானது.

"நெடி ஏறுதா?" என்றேன்.

"ஏறுதுக்கா" என்றார்.

அவர் என்னைவிட மூத்தவர். என்றைக்கும் என்னை மல்லிகா என்றுதான் கூப்பிடுவார். நான் திருத்தவில்லை. அக்காவிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்வது அந்தக் கேள்வியைத்தான். அதற்கு வரும் பதில் அக்காவுக்கே போய்ச் சேரட்டும்.