மிலிட்டரி ஐயாவின் கேன்டீன் கார்டு

குடியை நிறுத்த வைக்கிற தொழிலில் குடிகாரரைக்கூடச் சமாளித்துவிடலாம். அவரைக் கூட்டி வருகிறவரையும் நம்மோடு வேலை பார்க்கிறவரையும் சமாளிப்பதுதான் பெரும்பாடு. இதே பிழைப்பில் இருக்கிறவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அருள்புரத்தில் எங்கள் மறுவாழ்வு மையத்தில் என் பக்கத்து மேஜை ராசப்பனுடையது. பட்டாளத்தில் இருந்து வந்தவர். குடியால் சீரழிந்து எங்களிடமே நோயாளியாகச் சேர்ந்து, நிறுத்தி, படித்து, என்னைப் போலவே ஆலோசகரானவர். எல்லோருக்கும் மிலிட்டரி ஐயா. ஒன்பது வருஷம் என் உயிரை வாங்கிவிட்டு, போன மாசம் மாரடைப்பில் போய்விட்டார்.

கோட்டா

அந்தோணி தூத்துக்குடிப் பக்கத்து ஆள், பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். இன்னொரு தடவை குடித்தால் மகளைக் கூட்டிக்கொண்டு ஊருக்கே போய்விடுவேன் என்று அவன் மனைவி ஸ்டெல்லா சொல்லிவிட்டாள். சும்மா சொல்கிறவள் இல்லை. பெட்டியைக் கட்டியே வைத்திருந்தாள்.

அவனைச் சேர்க்க கம்பெனி மேனேஜரே வந்தார். குடியின் கேட்டைப் பற்றி அரை மணி நேரம் எங்களுக்கே பாடம் எடுத்தார். பிறகு ஐயாவின் மேஜையில் கிடந்த மிலிட்டரி கேன்டீன் கார்டு கண்ணில் பட்டுவிட்டது. அதற்கு மாசா மாசம் மலிவு விலையில் மது பாட்டில் உண்டு. ஐயா வாங்குவது சோப்பும் டீத்தூளும்தான். மேனேஜர் குரலைத் தாழ்த்தினார்: "ஏனுங்க ஐயா, உங்க கோட்டாவுல ரெண்டு பாட்டில் கெடைக்குமுங்களா? மச்சானூட்டுல கெடா வெட்டுங்க."

விசில்

காலை ஆறு மணிக்கு ஐயா விசில் ஊதி எல்லோரையும் வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவார். நோயாளிகள் சரி, நான் என்ன பாவம் செய்தேன்? "நீங்க தூங்குனா அவிங்க எப்படி எந்திரிப்பாங்க, அம்மிணி?" என்று நல்லூரில் இருக்கிற என் வீட்டிலிருந்து என்னையும் வர வைத்தார். முதல் நாள் வரிசையில் நின்ற அந்தோணி கண்ணைக் கசக்கிக்கொண்டே சொன்னான்: "குடிச்சிக்கிட்டுக் கெடந்தப்பக்கூட ஏழு மணி வரைக்கும் தூங்குனேம்க்கா."

கடை வாசல்

அந்தோணி வீடு திரும்பி ஏழு மாசம். கம்பெனியில் ஆயுத பூஜை முடிந்து ஆள் வீட்டுக்கு வரவில்லை என்று ஸ்டெல்லா போன் செய்தாள். ஐயாவின் வண்டியில் தேடிப் போனோம். ஒயின்ஷாப் படியில் மடியில் பொரிப் பொட்டலத்தோடு, கடை திறக்கக் காத்திருந்தான்.

ஐயா திட்டுவார் என்று பார்த்தால், அவரும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். போகிறவர் வருகிறவர் எல்லாம் என்னை முறைத்துப் பார்க்கிறார்கள். "எனக்கும் தெனமும் குடி கேக்குது கண்ணு. இன்னைக்கும் கேக்குது" என்றார் ஐயா. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நோயாளியிடம் சொல்கிற பேச்சா இது? பயமாகவும் இருந்தது. பின்னால் ஷட்டர் தூக்குகிற சத்தம் கேட்டது, ஐயா எழுந்திருக்கவில்லை. அந்தோணி அவர் முகத்தையே பார்த்தான். சட்டென்று எழுந்து, சாவியை வாங்கி, ஐயாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டான். எனக்கு இடமில்லை. "நீங்க பஸ்ல வாங்கக்கா. இவர இங்க உக்கார விட்டா குடிச்சிருவாரு."

மாலை

ஐயாவின் சாவுக்கு அந்தோணி குடும்பத்தோடு வந்தான். மூன்று வருஷமாகக் குடியைத் தொடவில்லை. ஸ்டெல்லா என் கையைப் பிடித்து அழுததும் நானும் உடைந்துவிட்டேன். அந்த மேனேஜரும் பெரிய மாலையோடு வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். நிஜமான கண்ணீர்தான். பிறகு என்னைத் தனியே கூப்பிட்டார்: "மேடம், அந்தக் கார்டு இனி அவிங்க ஊட்டம்மா பேருக்கு வந்துருமுங்களா?"

இப்போது ஷிஃப்டுக்குப் போகும் முன் அந்தோணி வந்து அதே விசிலை ஊதுகிறான். ஐயா செத்தும் எனக்கு ஆறு மணியிலிருந்து விடுதலை கிடைக்கவில்லை.