சுங்கச்சாவடிக் கடிகாரம்

நெல்லித்தோப்பு நிறுத்தத்தில் பேருந்துக்காக நின்றபோது, பக்கத்துக் கடையில் சுவர்க்கடிகாரம் மணியடித்தது. எனக்கு அப்பாவின் நினைவு வந்தது.

பிரெஞ்சுக்காரர்கள் போனதும் எல்லைச் சுங்கச்சாவடியை மூடிவிட்டார்கள். அங்கே சேவகராக இருந்த அப்பாவுக்கு வேலை போயிற்று. சாவடிக் கடிகாரத்தை ஏலத்தில் எடுத்த டீக்கடைக்காரர், இதே நிறுத்தத்தில் தன் கடை வாசலில் மாட்டினார். அப்பா வாராவாரம் போய், வேட்டி நுனியால் அதன் கண்ணாடியைத் துடைத்து, சாவி கொடுத்துவிட்டு வருவார்.

"வேலையே போயிடுச்சு. இன்னும் அதுக்கு எதுக்குச் சாவி குடுக்கப் போறீங்க?" என்றாள் அம்மா.

"நின்னுபோனா பஸ்சுக்கு நிக்கிறவங்களுக்கு நேரம் தெரியாதுடி."

ஒருநாள் அவர் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பதை, டீ குடிக்க வந்த பஸ் முதலாளி பார்த்தார். "பஸ்சு வர்ற நேரம், போற நேரம் எழுத ஆள் வேணும். வர்றீங்களா?" என்றார்.

அப்பா வீட்டுக்கு வந்து அதைச் சொன்னார். அம்மா அவருடைய ஒரே வெள்ளைச் சட்டையை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குத் துவைக்கப் போனாள்.