ஒரு சாண் தூரம்

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் நான் வேலை பார்க்கும் விமான டிக்கெட் அலுவலகத்தில், சுவரை அடைத்துக்கொண்டு ஒரு வரைபடம் தொங்குகிறது. அதில் கோலாலம்பூரும் திருச்சியும் மட்டும் தேய்ந்து வெளுத்திருக்கின்றன. எங்கள் மேனேஜர் அக்காவின் விரல் பட்டுப் பட்டு வந்த வெளுப்பு அது. எவ்வளவு தூரம் என்று யார் கேட்டாலும் எழுந்துபோய், கட்டைவிரலைக் கோலாலம்பூரில் ஊன்றி, சுண்டு விரலைத் திருச்சியில் வைத்துக் காட்டுவார். "ஒரு சாண்தான் அங்கிள். நாலு மணி நேரம். அங்க ரெண்டரை மணி நேரம் பின்னாடி லா, காலைல ஒம்போதுக்கு ஏறினா அவங்க கடிகாரத்துல பத்தரைக்கு எறங்கிடலாம். நீங்க கிள்ளான்லேர்ந்து இங்க வர்றதுக்கே ஜாம்ல அவ்ளோ நேரம் ஆயிருக்குமே!" வந்தவர் சிரித்துவிடுவார்.

அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சாலாக் செலாத்தானில் தனியாக இருந்தார். ஒரே தங்கை வாழ்க்கைப்பட்டது திருச்சியில். தினமும் மதியம் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்ததும் தங்கைக்குப் போன் போடுவார். "ஒரு சாண்தானேடி, நெனச்சா வந்துருவேன்" என்பார். நினைத்துக்கொண்டே ஏழு வருடம் ஓடிவிட்டது. ஊரில் உள்ளவர்களையெல்லாம் விமானம் ஏற்றிவிட அவருக்கு நேரம் இருந்தது. யாருடைய கடப்பிதழாவது, அதாவது பாஸ்போர்ட், காலாவதியாக ஆறு மாதமாவது பாக்கி இல்லையென்றால் ஒரு பிடி பிடித்துவிடுவார். "இதக்கூடப் பாக்காம எப்படி அங்கிள் கெளம்புறீங்க?"

ஒரு சனிக்கிழமை மதியம் தங்கையின் மகள் அழைத்தாள். "பெரியம்மா, அம்மாவுக்கு ரொம்ப முடியல. உங்களத்தான் கேக்குறாங்க, ஒடனே வாங்க." அக்காவுக்கு இருக்கை தேட உட்கார்ந்தது நான்தான். இருக்கையும் இருந்தது. அவர் நீட்டிய கடப்பிதழை விரித்தேன். காலாவதியாகி இரண்டு மாதம் ஆகியிருந்தது. அக்கா அதை வாங்கித் திரும்பத் திரும்பப் பார்த்தார். "என்னோடத நான் பாக்கவே இல்லயே" என்றார். ஐயோ, அந்தக் குரல் இன்னும் என் காதில் நிற்கிறது.

திங்கட்கிழமை புதுக் கடப்பிதழ் கிடைத்தது. விசா வர புதன்கிழமை ஆனது. தங்கை செவ்வாய்க்கிழமையே போய்விட்டார். நாலு மணி நேரப் பயணத்துக்கு அக்காவுக்கு நாலு நாள் ஆயிற்று. திரும்பி வந்தபோது, "போட்டோவுக்கு மால போட்டிருந்தாங்க" என்று மட்டும் சொன்னார். அதன் பிறகு அவர் வரைபடத்தில் கை வைத்து நான் பார்க்கவில்லை. தூரம் கேட்டால் உட்கார்ந்தபடியே, "மொதல்ல பாஸ்போர்ட்ட எடுங்க" என்பார். மதியத்தில் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார். என்ன பேசுவதென்று தெரியாமல் நான் வெளியே போய்ச் சாப்பிட்டேன். அதற்காக இன்றும் வெட்கப்படுகிறேன்.

அக்கா இப்போது இல்லை. அவர் நாற்காலியில் நான் இருக்கிறேன். என் மகன் மெல்பர்னில். "எட்டு மணி நேரம்தானே மா, எப்ப வேணும்னாலும் பாத்துக்கலாம்" என்கிறான். அந்த 'எப்ப வேணும்னாலும்' மூன்று வருடமாக வரவில்லை. நேற்று மதியம் ஆளில்லாத நேரத்தில் கட்டைவிரலைக் கோலாலம்பூரில் ஊன்றிக் கையை விரித்தேன். சுண்டு விரல் கடலில் நின்றது. அடுத்த சாணும் போட்டேன். மெல்பர்ன் இன்னும் தள்ளித்தான் இருந்தது.

தினமும் காலையில் கணினியைத் திறக்கும் முன் என் கடப்பிதழின் தேதியைப் பார்த்துவிடுகிறேன். இன்னும் நான்கு வருடம் இருக்கிறது. "வாம்மா" என்று அவன் ஒரு தடவை சொன்னால் போதும், அன்றைக்கே ஏறிவிடுவேன்.