பச்சை கேட்குதா?

அலுவலகத்தில் அவளுக்குக் கேள்வி அக்கா என்று பேர். பெற்றவர்கள் வைத்த பேர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. செருப்புக் கடைக்கு மேலே இரண்டு அறைகளில் நடக்கிற சின்னக் கம்பெனி அது. செல்போனுக்கு ஆப் எழுதிக் கொடுப்பார்கள். யார் எதை எழுதினாலும் அவள் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் வெளியே போகும். அவளோ லேசில் சரி சொல்கிற ஆள் இல்லை. இது ஏன் இங்கே இருக்கிறது, இது எதை நம்பி இருக்கிறது, அது மாறினால் இது என்ன ஆகும் என்று குடைந்து எடுத்துவிடுவாள். ஒன்றுக்குப் பதில் வருவதற்குள் அடுத்தது வந்து நிற்கும்.

வீட்டிலும் அதே கதைதான். ஃப்ரிட்ஜ் ரிப்பேர் செய்கிற அவள் கணவர், இவளோடு பேசுவதற்குச் சுவரோடு பேசலாம், சுவர் குறுக்கே பேசாது என்பார். மகள் அதற்கு விழுந்து விழுந்து சிரிப்பாள். கல்யாணத்துக்கு முன்பு கேள்வி அக்கா கணக்கு டியூஷன் எடுத்தவள். மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வருஷம், வீட்டில் சும்மா கிடந்த கம்ப்யூட்டரில் தட்டுத் தடுமாறி இந்தத் தொழிலைக் கற்றுக்கொண்டாள். முறையாகப் படித்து வந்தவர்கள் நடுவில் தன்னை யாராவது மட்டமாக நினைத்துவிடுவார்களோ என்ற பயம் அவளுக்கு உள்ளூர இருந்தது. அந்தப் பயம்தான் கேள்வியாக வெளியே வந்துகொண்டிருந்தது. இதை அவளிடம் சொல்லிப் பார்க்க ஆளில்லை, சொன்னாலும் ஒத்துக்கொள்ள மாட்டாள்.

அந்த வேலையில் எழுதுவது பெரிய விஷயமில்லை. மாறுகிற சங்கதிகளைக் கட்டி மேய்ப்பதுதான் பாடு. ஒரு செய்தி மாறினால் அதை நம்பியிருக்கிற திரையெல்லாம் உடனே மாற வேண்டும். அதற்கு இரண்டு வழி உண்டு. அடுக்களை வாசலில் தலையை நீட்டி, சாப்பாடு ஆச்சா என்று ஒரு தடவை கேட்டுவிட்டுப் போவது ஒரு வழி. அங்கேயே பக்கத்தில் உட்கார்ந்து, என்ன நடக்கிறது என்று காது கொடுத்துக் கேட்டுக்கொண்டே இருப்பது இன்னொரு வழி. முதல் வழியில் செலவு குறைவு. ஆனால் கேட்டுவிட்டுப் போனபின் அடுப்பு அணைந்தாலும் தெரியாது. இங்கிலீஷில் இரண்டுக்கும் வேறு வேறு வார்த்தை இருக்கிறது. செருப்புக் கடை மாடியில் இரண்டையும் ‘கேட்குது’ என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள். யாருக்கும் அதில் குழப்பம் வந்ததில்லை, அல்லது வந்ததே தெரியவில்லை.

சிறு பிள்ளைகளுக்கான ஒரு பள்ளிக்கூடத்துக்கு அவர்கள் ஆப் செய்து கொடுத்தார்கள். கம்பெனிக்கு வாய்த்ததிலேயே பெரிய வேலை அது. மாலையில் பிள்ளையை அழைத்துப்போக யாருக்கு அனுமதி என்பதைத் தாய் தகப்பன் தங்கள் போனிலேயே குறித்துவிடலாம். வந்து நிற்பவரின் படம் பள்ளி வாசலில் இருக்கிற போனில் தெரியும். அனுமதி இருந்தால் படத்தைச் சுற்றிப் பச்சை, இல்லையென்றால் சிவப்பு. வாசலில் நின்றவள் ஒரு நடுவயதுக்காரி. எல்லாரும் அவளை வாசல்காரம்மா என்பார்கள். ஆப் வருவதற்கு முன்னால் எல்லா முகமும் அவளுக்கு மனப்பாடம். ஏதாவது மாற்றம் என்றால் ஆபீசிலிருந்து ஒருவர் வந்து காதில் சொல்லிவிட்டுப் போவார். கேள்வி அக்காதான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தாள். காலையில் ஒரு தடவை திறந்து வைத்தால் போதும், நடுவில் எது மாறினாலும் அதுவே காட்டும் என்றாள். அன்றைக்கு அது உண்மைதான்.

கொஞ்ச நாளில், வாசல் போன் மத்தியானத்துக்குள் சார்ஜ் இறங்கி அணைந்துவிடுகிறது என்று புகார் வந்தது. எப்போதும் காது கொடுத்துக்கொண்டே இருந்தால் பழைய போன் என்ன செய்யும். அதைச் சரிசெய்கிற வேலை இரட்டையப்பாவுக்குப் போனது. இரட்டைக் குழந்தைகளின் தகப்பன், அதிகம் பேசாதவர், வேலையில் சுத்தம். அவர் திருத்தி எழுதியதைக் கேள்வி அக்கா வரிவரியாகப் பார்த்தாள். பெயர் வருகிற இடம், படம் வருகிற இடம் எல்லாம் துருவிவிட்டுக் கடைசியில், “பச்சை கேட்குதா?” என்றாள். “கேட்குது” என்றார் அவர். அவள் சரி போட்டாள். திறந்து பார்த்தாள், மாற்றிவிட்டு மறுபடி திறந்து பார்த்தாள், ஒவ்வொரு தடவையும் நிறம் சரியாகவே வந்தது.

புதிய ஆப்பை வாசல் போனில் போட அவளே போனாள். அந்த நேரம் பார்த்துக் கணவர் கூப்பிட்டார், வீட்டில் குழாய் உடைந்து தண்ணீர் கொட்டுகிறதாம். மெயின் வால்வை மூடினீங்களா, எந்தப் பக்கம் திருகினீங்க என்று அவரைப் பாடாய்ப் படுத்திக்கொண்டே வேலையை முடித்தாள். பக்கத்தில் வாசல்காரம்மா என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள். இவள் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு நடையைக் கட்டினாள்.

நடக்கக் கூடாதது சில வாரம் கழித்து நடந்தது. கணவனைப் பிரிந்து வாழ்கிற ஒரு தாய், முற்பகலில், வேலை செய்கிற இடத்திலிருந்தே, பிள்ளையின் தகப்பனுக்குக் கொடுத்திருந்த அனுமதியை எடுத்துவிட்டாள். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கண்காணாத ஊருக்குப் போய்விடப்போவதாக அவன் முந்தின நாள்தான் மிரட்டியிருந்தான். மாலையில் அவன் வாசலுக்கு வந்தான். போனில் அவன் படம் வந்தது, சுற்றிலும் பச்சை. வாசல்காரம்மா கதவைத் திறந்துவிட்டாள். பின்னாலேயே தாய் வந்தபோது பிள்ளை அங்கே இல்லை.

பொழுது சாயும் நேரத்தில் பஸ் நிலையத்தில் பிள்ளையைக் கண்டுபிடித்தார்கள். தகப்பன் பிள்ளையோடு பெட்டியும் கையுமாக பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தாகிவிட்டது, வண்டிதான் இன்னும் கிளம்பவில்லை. பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை என்று எல்லாரும் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். தாய் மட்டும் சொல்லவில்லை.

மறுநாளே வாசல்காரம்மாவை வேலைக்கு வர வேண்டாம் என்று நிறுத்தினார்கள். விசாரணை முடிந்ததும் முடிவு என்றாலும், முடிவு எப்படி இருக்கும் என்பது எல்லாருக்கும் தெரிந்தே இருந்தது. பச்சை காட்டியது என்று அவள் அழுதாள். போனை மூடித் திறந்து பார்த்தார்கள், சிவப்பு காட்டியது. பொய் வேறு சொல்கிறாள் என்று ஆகிவிட்டது.

செய்தி மாடிக்கு வந்தபோது கேள்வி அக்கா கையிலிருந்த வேலையை அப்படியே விட்டாள். மூடித் திறந்தால் சரியாகிவிடுகிற தப்பு எந்த ஜாதி என்று அவளுக்குத் தெரியும். இரட்டையப்பாவின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இருவரும் திரையில் விரல் வைத்து ஒவ்வொரு கண்ணியாகப் பின்னால் போனார்கள். பெயர் காது கொடுத்துக்கொண்டிருந்தது. படமும் அப்படியே. பச்சை மட்டும் காலையில் திறந்தவுடன் கேட்ட பதிலை நாள் முழுக்கக் கையில் வைத்திருந்தது.

“பச்சை கேட்குதான்னு உங்ககிட்ட கேட்டேனே.”

“கேட்குதுன்னுதானே சொன்னேன். திறக்கும்போது கேட்குது. சார்ஜ் இறங்குதுன்னுதான் ஒரே தடவையா மாத்தினேன். உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன்.”

அவர் முகத்தில் கள்ளம் இல்லை. அவள் கேட்டது ஒன்று, அவர் பதில் சொன்னது இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் ஒரே வார்த்தை உட்கார்ந்திருந்தது. இத்தனை கேள்வி கேட்கிறவள், கேட்குது என்றால் என்ன என்று ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்டிருக்கலாம். தன் மேலேயே அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது.

முதலாளி கழுவுகிற மீனில் நழுவுகிற மீன். ஆப்பில் ஒரு குறையும் இல்லை, போனை அவ்வப்போது மூடித் திறக்க வேண்டியது வாசலில் நிற்பவரின் பொறுப்பு என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவிடலாம் என்றார். கேள்வி அக்கா கூட வந்து தலையை ஆட்டினால் போதும். இந்தப் பள்ளிக்கூடம் கையைவிட்டுப் போனால் மாடியில் பாதிப் பேருக்கு வேலை இருக்காது என்பதையும் நயமாகச் சொன்னார். அது மிரட்டல் இல்லை, நிஜம். இரட்டையப்பா தலையைத் தூக்கவே இல்லை.

அன்று வீட்டில் அவள் யாரையும் எதுவும் கேட்கவில்லை. கணவர் பயந்துபோய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

விசாரணை தலைமையாசிரியையின் அறையில் நடந்தது. பிள்ளையின் தாய் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தாள். வாசல்காரம்மா உட்காரச் சொல்லியும் உட்காராமல் நின்றாள். முதலாளி ஆரம்பித்தார். ஆப் நூற்றுக்கு நூறு சரியாக இருக்கிறது என்று அவர் சொல்லி முடித்ததும், எல்லாரும் கேள்வி அக்காவைப் பார்த்தார்கள். தலையை ஆட்டிவிட்டால் தீர்ந்தது. மாடியும் பிழைக்கும், இரட்டையப்பாவும் பிழைப்பார், அவளும் பிழைப்பாள். நிற்கிறவள் ஒருத்தி போவாள்.

“இல்ல. அந்தம்மா சொல்றது நிஜம். போன் பச்சைதான் காட்டியிருக்கும்” என்றாள் அவள். தகப்பனின் அனுமதி போனது வாசல் போனுக்குத் தெரியவே இல்லை என்றும், தெரியாதபடி எழுதியது தங்கள் கம்பெனி என்றும், பார்த்துவிட்டுச் சரி என்று விட்டது தான்தான் என்றும் சொன்னாள். இரட்டையப்பாவைப் பற்றி வாய் திறக்கவில்லை. முதலாளி மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளையின் தாய் எழுந்து வெளியே போனாள். அடுத்த வாரம் பிள்ளையை வேறு பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டாள்.

தலைமையாசிரியை, வாசல்காரம்மா திங்கட்கிழமையிலிருந்து வரலாம் என்றார். ஆப்பை எடுத்துவிடப் போவதாகவும் முதலாளியிடம் சொன்னார். முதலாளி கைகூப்பிவிட்டு விறுவிறு என்று இறங்கிப் போனார். கேள்வி அக்காவை அவர் கூப்பிடவில்லை.

வராந்தாவில் அவளும் வாசல்காரம்மாவும் மட்டும் நின்றார்கள். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வந்தவளுக்கு வாய் வரவில்லை. பழக்க தோஷத்தில், “திங்கக்கிழமை வருவீங்கல்ல? வாசல்லயே நிப்பீங்கல்ல? உங்க மேல தப்பில்லன்னு அவங்களே சொல்லிட்டாங்கல்ல?” என்று அடுக்கினாள்.

வாசல்காரம்மா அவள் நிறுத்தும்வரை பொறுத்திருந்தாள்.

“புதுசு போட வந்தீங்களே அன்னிக்கு, இப்பவும் நடுவுல மாத்தினா அதுவே மாறுமா, இல்ல ஆபீஸ்ல இருந்து யாரையாவது வந்து சொல்லச் சொல்லட்டுமான்னு நான் கேட்டேன். நீங்கதான் கேட்கல. விரலைக் காட்டிட்டுப் போயிட்டீங்க.”

கேள்வி அக்காவுக்கு அந்த நாள் நினைவுக்கு வந்தது. உடைந்த குழாய் வந்தது, வால்வு வந்தது, தன் கட்டைவிரல் வந்தது. பக்கத்தில் நின்றவளின் குரல் மட்டும் எவ்வளவு முயன்றும் வரவில்லை.

“வேலைக்கு வருவேன், வராம எப்படி? ஆனா வாசல்ல நிக்க மாட்டேன்மா. உள்ள ஏதாவது வேலை குடுங்கன்னு கேக்கப்போறேன்” என்றாள் வாசல்காரம்மா. சொல்லிவிட்டுப் படியில் கால் வைத்தவள் திரும்பிப் பார்த்தாள். இன்னும் என்னவோ சொல்ல வந்ததுபோல் இருந்தது. கேள்வி அக்கா குறுக்கே எதுவும் பேசாமல் காத்திருந்தாள்.

“அந்தப் பிள்ளை அவங்க அப்பா கையைப் பிடிச்சுக்கிட்டுப் போகும்போது எனக்கு டாட்டா காட்டிச்சு. நானும் காட்டினேன்.”